ஒலியைக் குறைத்த பிறகும்

வெள்ளிக்கிழமை நாலே முக்காலுக்கு
கண்ணாடிக் கடையிலிருந்து வந்த சீட்டில்
ஒரே வரி:
இரு கண்ணிலும் நரம்புத் தலை வீங்கியிருக்கிறது. அவசரம்.
அவசரத்தின் கீழ் இரண்டு கோடு.
இரண்டாவதில் பேனா தாளைக் கிழித்திருந்தது.

டீலோ ஹெஞ்செல், வயது பத்தொன்பது.
ரயில் ஓட்டப் படிக்கச் சேர்கிறவன்.
சான்றிதழுக்காகக் கண்ணைக் காட்டப் போய்
மூளையில் என்னவோ என்ற பயத்தோடு திரும்பினான்.
சனி ஞாயிறு முழுதும்
அவனும் அம்மாவும்
அந்தச் சொல்லை வாயில் எடுக்காமல்
உருளைக்கிழங்கு உரித்திருக்கிறார்கள்.
ஒன்பது கிலோ. அம்மாதான் சொன்னாள்.
யாருக்கு அவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

திங்கள் காலை
காந்தக் குழாய்க்குள் படுத்து எழுந்தாயிற்று.
கட்டி இல்லை.
பதினொரு மணிக்கு முதுகெலும்பில் ஊசி இறக்கி
நீரின் அழுத்தம் பார்ப்பதாக ஏற்பாடு.
அதற்கு முன் கால் மணி நேரம்
அவன் என் அறையில்.

நான் டாக்டர் இல்லை.
கெம்னிட்ஸில், மருத்துவமனையின் இரண்டாம் மாடியில்
இருபத்திரண்டு வருடமாகக்
கண்ணைப் படம் பிடிக்கிறவள்.
மூடிய இமைமேல் குளிர்ந்த பசை தடவி
மீயொலிக் கோலை வைத்தேன்.
திரையில் ஒரு கறுப்புக் கோளம்;
அதன் பின்சுவரில்
ஆயிரம் சாம்பல் முணுமுணுப்பு.

இனித்தான் என் வேலை.
குமிழைத் திருகி எதிரொலியைக் குறைக்கிறேன்.
கொழுப்பு போயிற்று. தசை போயிற்று.
சுவரே போயிற்று.
இன்னும் குறைக்கிறேன்.
நரம்பு கண்ணுக்குள் நுழையும் இடத்தில்
போகாமல் ஒரு வெள்ளைப் புள்ளி,
கூட்டம் கலைந்த பிறகும்
நாற்காலியை விட்டு எழாதவனைப் போல.
நீர் கோத்த வீக்கம் இப்படி அடம்பிடிக்காது.
இது சுண்ணாம்பு.

விளக்கை அணைத்து நீல ஒளியில் ஒரு படம்.
சாயம் எதுவும் ஏற்றாமலே
தானாக மினுங்கின,
வேகாத ஜவ்வரிசி போல
ஏழெட்டு.

டாக்டர் ரெகீனே ஃபோய்க்ட் பார்த்தார்.
ஃபோனை எடுத்து
பதினொரு மணியை ரத்து செய்தார்.
"ட்ரூஸன்" என்றார்.

அம்மா சிரித்துவிட்டாள்.
ஃப்ரைபெர்க் கனிமக் காட்சியகத்தில்
பெயர்ச்சீட்டு எழுதுகிறவள் அவள்.
ட்ரூஸே என்றால் அவளுக்குப்
பாறைக்குள் பொந்து, பொந்துக்குள் படிகம்,
பள்ளிப் பிள்ளைகளின் விரல் ரேகை படிந்த கண்ணாடிப் பெட்டி.
"பத்தொன்பது வருடமாக
வீட்டிலேயே ஒன்று வைத்திருந்தேனா?"
சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று.
கடைசியில் அது சிரிப்பாக இல்லை.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று
என்று சொல்லலாம்தான்.
ஆனால் எதுவும் போகவில்லை.
கரைக்க மருந்தில்லை, எடுக்கக் கத்தியில்லை.
கல் மெல்ல வளரும், நார் மெல்ல மெலியும்.
சிலருக்கு ஒரு விடியலில்
இரத்தம் தடைபட்டுப் பாதித் திரை விழும்.
பலருக்குச் சாகும்வரை தெரியவே தெரியாது.
விழித்திரையில் வெடிப்புக் கோடு உண்டா,
கழுத்துத் தோலில் மஞ்சள் பொரி உண்டா
என்றும் பார்த்தார். இல்லை.
"ரயில்?" என்றான் டீலோ.
"இந்த வருடம் சரி என்று எழுதுகிறேன்.
அடுத்த வருடம் வந்து கேள்."

ரத்த உறவில் வரக்கூடியது என்றதும்
அம்மா கோட்டைக் கழற்றி
என் நாற்காலியில் உட்கார்ந்தாள்.
அவளுடையவை பெரியவை.

பிறகு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகம் வைத்து
ஒளிப்பொட்டு தெரியும்போதெல்லாம்
பொத்தானை அழுத்த வேண்டும்.
அழுத்தினாள், அழுத்தினாள்.
மூக்கோரம் தொடங்கிக் கீழே வளையும் இடத்தில்
பொட்டுகள் வந்தன, போயின.
கட்டைவிரல் மரியாதையோடு காத்திருந்தது.

தாளில் இரண்டு கறுப்புப் பிறை.
"காட்சியகப் படிக்கட்டு" என்றாள்.
"கடைசிப் படியில்
வருடத்துக்கு இரண்டு தரம் விழுவேன்.
கவனமில்லாதவள் என்பார் என் கணவர்.
நானும் அப்படித்தான் நினைத்தேன்."

போகும்போது கதவில் நின்று கேட்டாள்:
"உரித்த உருளைக்கிழங்கு வேண்டுமா?
வாளியில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன்."
கொண்டு வாருங்கள் என்றேன்.

லிஃப்டை அவர்கள் அழைக்கவில்லை.
படிக்கட்டிலிருந்து டீலோவின் குரல்:
இன்னும் மூன்று. இன்னும் இரண்டு.